வலிக்காத ஊசிதான் நல்ல ஊசியா?

எல்லாருக்கும் வணக்கம். கைக்குழந்தைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சுகாதார நிலையத்துல போடுற பென்டாவேலன்ட் ஊசிக்கு காய்ச்சல் வருது, பிரைவேட்ல போடுற பெயின்லெஸ் ஊசிக்கு அவ்வளவா வர்றதில்ல, அப்ப கவர்மென்ட் ஊசி மட்டமான்னு கேக்குறீங்க. மட்டமே இல்லம்மா.

ரெண்டுலயும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவர்ற ஒரு கிருமி) எல்லாத்துக்கும் மருந்து இருக்கு, பெயின்லெஸ்ல போலியோவும் சேந்திருக்கும். வித்தியாசம் கக்குவான் மருந்துலதான். பென்டாவேலன்ட்ல செத்த கிருமிய முழுசா வச்சிருக்காங்க, பெயின்லெஸ்ல அந்தக் கிருமியோட சில புரதங்கள மட்டும் பிரிச்செடுத்துப் போடுறாங்க. முழுக் கிருமியப் பாத்தா உடம்பு பலமா சண்டை போடும், அதான் காய்ச்சல், தொடை சிவந்து வீங்குறது, விடாம அழுறதெல்லாம் இதுல கூடுதல், ஒண்ணு ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். அபூர்வமா சில குழந்தைக்கு வலிப்பு வரும், இல்ல உடம்பு துவண்டு வெளுத்துப்போகும், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும், அடுத்த ஊசிக்கு முன்னாடி நர்ஸம்மாகிட்ட மறக்காம சொல்லணும்.

பெயின்லெஸ்ல இதெல்லாம் கம்மி, உண்மைதான். ஆனா கக்குவானுக்கான எதிர்ப்பு சீக்கிரம் கொறஞ்சிடும். அமெரிக்கா 1990கள்ல இதுக்கு மாறுச்சு, 2010ல கலிஃபோர்னியாவுல 9000 பேருக்கு மேல கக்குவான் வந்து 10 பச்சக் குழந்தைங்க செத்துப்போச்சு, எதிர்ப்பு சீக்கிரம் கொறஞ்சதும் அதுக்கு ஒரு காரணம். பயந்து ஊசியே போடாம விட்டா இன்னும் மோசம், ஜப்பான்ல 1975ல முழுக் கிருமி இருந்த பழைய ஊசிய நிறுத்தி வச்சாங்க, அப்புறம் ஜனங்க போட்டுக்கவே தயங்குனாங்க, 1979ல மட்டும் 41 பேர் கக்குவான்ல போயிட்டாங்க. காசு இருந்தா பெயின்லெஸ் போடுங்க தப்பில்ல, இல்லன்னா கடன் வாங்கிப் போடாதீங்க, புதன்கிழமை வந்து இலவசமா போட்டுக்கிட்டுப் போங்க.

காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே பாராசிட்டமால் ஊத்தாதீங்க, ஊசியோட எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கொறையுதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. காய்ச்சல் வந்தா எடைக்குத் தகுந்த அளவு, கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம், நர்ஸம்மாகிட்ட கேட்டுக் குடுங்க. பாட்டிலப் பாத்து வாங்குங்க, சொட்டு மருந்துல பெரும்பாலும் 1 மில்லியில 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்ல 5 மில்லியில 125 இல்லன்னா 250, சிரப் குடுக்குற அளவுக்கு சொட்டு மருந்த ஊத்திட்டா டோஸ் எக்கச்சக்கமாயிடும். ஊசி போட்ட எடத்துல தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஒத்தடம் வேணாம், ஈரத்துணி போதும், பால் எப்பவும்போல குடுங்க.