கடைக் கணக்கும் மென்பொருளின் ஆயுளும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஓரளவு பெரிய கடைகளில் பற்றுச்சீட்டு இப்போது கணினியிலிருந்துதான் வருகிறது. அந்தக் கணக்கு மென்பொருள் எத்தனை காலம் உழைக்கும், அது நின்றுபோனால் கடையின் பதிவுகள் என்னவாகும் என்பதே என்னை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கும் கேள்வி.

நிரல்மொழிகள் புதிது வந்ததும் பழையது மறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1959 இல் உருவாக்கத் தொடங்கிய கொபோல் மறையவில்லை. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோருக்கான கொடுப்பனவு முறைமை திணறியபோது, கொபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் பகிரங்கமாகவே கேட்டார். ஆனால் இணைய உலாவிக்குள் காணொளிகளையும் செயலிகளையும் இயக்குவதற்காக 2007 இல் வெளிவந்த மைக்ரோசொப்டின் சில்வர்லைட் என்ற மென்பொருளுக்கு 2021 இல் ஆதரவு முடிந்துவிட்டது. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு புதியது என்பதைவிட, அதை நம்பி எவ்வளவு பதிவுகள் சேர்ந்திருக்கின்றன என்பதே அதன் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கல்முனைப் பக்கத்து இரும்புக்கடை ஒன்றின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அதன் மென்பொருள், 1998 இல் வெளியான விசுவல் பேசிக் ஆறு என்ற நிரல்மொழிப் பதிப்பில் எழுதப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு சென்றுவிட்டார்; மூல நிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவிலான நிரல், கடைக்காரரிடம் இல்லை. பெறுமதி சேர் வரியின் வீதமோ நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. 2022 ஜூனில் எட்டு வீதம் பன்னிரண்டாகி, செப்டெம்பரில் பதினைந்தாகி, 2024 ஜனவரியில் பதினெட்டும் ஆனபோது, கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அச்சிட்ட பின்னர் வித்தியாசத்தைப் பேனாவால் எழுதிச் சேர்த்தார். நிரல் பழுதின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரேயோர் எண்ணை மாற்றத்தான் வழியில்லை.

புதிய மென்பொருளுக்கு மாறியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் 'அ' என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கிலச் சிறிய 'எம்' ஆகவே பதிவாகியிருக்கும். ஆகவே கடனுக்குப் பொருள் வாங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றது. அதை, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரமான யூனிக்கோடுக்கு மாற்றிய பிறகும், ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து எழுதியிருந்த பெயர்களைக் கையால் திருத்த வேண்டியிருந்தது.

ஆகவே மென்பொருள் வாங்கும்போது திரையின் அழகைப் பார்ப்பதற்கு முன், பதிவுகள் முழுவதையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். தமிழ்ப் பெயர்கள் யூனிக்கோடில் இருக்கின்றனவா என்று அந்தக் கோப்பிலேயே பாருங்கள். நிரலை உங்களுக்கென்றே எழுதுவித்தால் மூல நிரலையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். 1970களில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த, தரவுத்தளத்தில் பதிவுகளைச் சேர்க்கவும் தேடி எடுக்கவும் உதவும் எஸ்கியூஎல் மொழி இன்றும் உலகெங்கும் வழக்கில் இருப்பதால், அதில் இயங்கும் தரவுத்தளத்தில் சேமித்த கணக்கை இன்னொரு மென்பொருளுக்கு நகர்த்துவது ஒப்பீட்டளவில் எளிது.

நேரம் முடிவுக்கு வருகிறது. மாதச் சந்தா மென்பொருள் பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஒவ்வொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தாவை நிறுத்தினால் பதிவுகளை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதை முதலிலேயே எழுத்தில் பெறுங்கள். பழைய நிரலைப் படித்து விளக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றிடம் கொடுக்கவும் மூல நிரல் கையில் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.