கல்லைப் பிளக்கும் கை

மலேசியாவின் பேராக் மாநிலம், பாகான் செராய் வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மண்டபத்தில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கல்லினுள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே கல்லுக்குள் ஓர் உயிர் இருக்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. நான் இன்று பேச வந்திருப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்து, மடிந்து, சேற்றில் புதைந்து, அந்தச் சேறு கல்லாக இறுகியபோது தாமும் அதற்குள் ஒரு வடிவமாகத் தங்கிவிட்ட உயிர்களைப் பற்றி. தொல்லுயிர் எச்சம் என்றும் புதைபடிவம் என்றும் இவற்றைச் சொல்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கல்லுக்கும் வழியில் கிடக்கும் மற்றக் கற்களுக்கும் வேறுபாடு தெரியாது, பிளந்தால்தான் தெரியும்.

நம்மில் சிலருடைய பூசையறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றங்கரையில் கிடைக்கும் சாளக்கிராமத்தைத் திருமாலின் வடிவமாக வைத்து வழிபடுகிறோம். அந்தக் கரிய உருண்டைக் கல் ஜுராசிக் காலத்துக் கடற்சேற்றில் உருவானது. உள்ளே சக்கரமாகச் சுருண்டிருப்பது அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓடு. கடலடியாக இருந்த நிலம் இமயமாக உயர்ந்தபோது அந்தக் கல்லும் உடன் உயர்ந்தது. இதை அறிந்துகொள்வதால் நம் வழிபாட்டுக்குக் குறை ஒன்றும் நேர்ந்துவிடாது என்பதே என் எண்ணம். கையில் எடுக்கும்போது எனக்கு வியப்பு கூடத்தான் செய்கிறது.

இத்தகைய உருண்டைக் கற்கள் எப்படி உருவாகின்றன? இறந்த உயிர் சேற்றில் புதைந்ததும் அதன் உடலைப் பாக்டீரியாக்கள் சிதைக்கத் தொடங்குகின்றன. அந்தச் சிதைவு, சுற்றியுள்ள சேற்று நீரின் வேதித் தன்மையை மாற்றுகிறது. நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தோ இரும்புச் சத்தோ கார்பனேட்டாகப் படிந்து, அந்த உடலைச் சுற்றி ஒரு கெட்டியான உறையை அமைத்துவிடுகிறது. பின்னர் மேலே படியும் வண்டல் தன் பாரத்தால் மற்ற எல்லாவற்றையும் நசுக்கினாலும், உறைக்குள் இருப்பது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மேசான் கிரீக் என்னும் இடத்தில், நிலக்கரிச் சுரங்கத்தார் கழிவு என்று கொட்டிய மண்மேடுகளில் இந்த உருண்டைகள் ஏராளமாகக் கிடைத்தன. ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பெரணி இலைகளும், எலும்பே இல்லாத மெல்லுடல் விலங்குகளும் அவற்றுக்குள் இருந்தன. இவற்றைச் சேகரிப்பவர்கள் சுத்தியலை உடனே ஓங்குவதில்லை. உருண்டையை நீரில் நன்றாக ஊறவைத்து, உறையவைத்து, மறுபடி உருகவிடுகிறார்கள். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், பலமுறை இப்படிச் செய்த பிறகு கல் தன் உள்ளே உள்ள மெலிந்த தளத்தில் தானாகவே விரிந்துகொடுக்கிறது. அந்த மெலிந்த தளம் பெரும்பாலும் இலையோ உடலோ கிடக்கும் தளமாகவே இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். பிள்ளைகள் எல்லாக் கல்லையும் உடைத்துப் பார்க்கப் புறப்பட்டுவிட வேண்டாம். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் பூமிக்கு ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு குளிர்ந்து உண்டானது. அதில் உயிர்த்தடம் இராது. ஆனால் பள்ளியின் வாசலில் நின்றாலே தெரிகிற குனோங் செமங்கோல் அப்படிப்பட்டதன்று. அந்த மலையின் பெயராலேயே நிலவியலாளர்கள் ஒரு பாறைத் தொகுதியை அழைக்கிறார்கள். பெர்மியன், திரையாசிக் என்னும் காலங்களில் பேலியோ-டெதிஸ் என்ற கடலின் அடியில் படிந்த சேறும் மணலும் சிலிக்காவுமே இன்று அங்கே மலையாக நிற்கின்றன. செர்ட் என்னும் கெட்டியான சிலிக்காக் கல்லில், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியக்கூடிய ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் கூடுகள் உள்ளன. களிப்பாறையிலோ டவோனெல்லா, ஹலோபியா என்ற மெல்லிய ஓட்டுச் சிப்பிகளின் பதிவுகள் கிடைக்கின்றன. அவை 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

நம் நாட்டு வெயிலும் மழையும் இந்தக் களிப்பாறையை வெளுக்கவைத்து இளக்கிவிடுகின்றன. ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து போய், அதன் அச்சு மட்டும் எஞ்சுகிறது. இதோ என் கையில் இருப்பது அத்தகைய ஒரு துண்டு. பிஸ்கட்டின் கனம்தான் இருக்கும், வெளிர்சாம்பல் நிறம். இதை நேராகப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. விளக்கொளி பக்கவாட்டிலிருந்து விழும்படி சற்றே சாய்த்தால், விரித்த விசிறி போல ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிப் பரவும் மயிரிழைக் கோடுகள் தெரிகின்றன. கோடுகளின் இடுக்குகளில் துருவின் செம்பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது. சிப்பி இல்லை; அது கிடந்த இடம் மட்டும் இருக்கிறது.

இப்படிப்பட்ட கல்லைத் திறக்கப் பலம் தேவையில்லை. அடுக்கின் விளிம்பைக் கண்டுபிடித்து, கத்தி முனையை அதில் வைத்து, மெதுவாகத் தட்ட வேண்டும். குறுக்கே அடித்தால் சிப்பியும் சேர்ந்து நொறுங்கும். இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பலர் விடியற்காலை இருட்டில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எங்கே நிறுத்தாவிட்டால் மரத்தில் காயம் படும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். அந்த அளவை எந்தக் கருவியும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. களிப்பாறையைத் திறக்க வேண்டிய கை அந்தக் கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உழைப்பாளியின் கை முதலில் சென்று சேர்ந்ததற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டி என்ற சிற்றூரில் 1802-ல் பிறந்த ஹியூ மில்லர், இளம்வயதிலேயே கல் தச்சு வேலைக்குச் சேர்ந்து கல்லுடைக்கும் குழிகளில் உழைத்தவர். கடற்கரையில் கிடந்த உருண்டைக் கற்களைப் பிளந்து அம்மோனைட்டுகளையும், பின்னர் கவசம் பூண்ட பழங்கால மீன்களையும் கண்டார். அம்மீன்களுள் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் பேராக்கிலும் அதுபோல் ஒன்று நடந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயத்துக்காக மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தபோது அடியில் மறைந்திருந்த சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டது. சுந்தரலிங்கம் என்னும் நிலவியலாளர் கம்பாருக்கு மேற்கே அந்தக் குழிகளில் இறங்கி ஆராய்ந்து, 1968-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். பாறை அடுக்குகளுக்கு அவர் தை ஓன், குவான் ஓன், நாம் லூங், எச்.எஸ். லீ என்று அந்தந்தச் சுரங்கங்களின் பெயர்களையே இட்டார். சுரங்கங்கள் மூடப்பட்டுக் குழிகள் ஈயக்குட்டைகளாகத் தேங்கிப் போன பிறகும், அங்கே மண் அள்ளிய வேலையின் நினைவு அறிவியலின் ஏட்டில் அப்பெயர்களால் நிலைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு இரவெல்லாம் உறக்கம் வரவில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். இளம் ஆசிரியராக இருந்தபோது சாலை வெட்டிய மேடுகளில் நான் சேகரித்த கற்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எந்தக் கல் எந்த மேட்டில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அறிந்தவர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, "இது எங்கே கிடைத்தது, ஐயா?" என்று மட்டுமே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அழகான பதிவுகள் அவை. ஆனால் இடம் தெரியாத பதிவு எந்த அடுக்கின் வயதையும் சொல்லாது. ஆகவே மாணவர்களே, கல்லை எடுக்கும் முன் குறிப்பேட்டை எடுங்கள். இடம், நாள், அடுக்கு மூன்றையும் எழுதுங்கள். ஒரு கல் இரண்டாகப் பிளந்தால் ஒரு பாதியில் மேடும் மறுபாதியில் பள்ளமுமாகப் பதிவு இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணை இட்டு, இரண்டையும் சேர்த்தே வையுங்கள். நில உரிமையாளரின் இசைவு இல்லாமல் எங்கும் நுழையாதீர்கள். கல்லுடைக்கும் குவாரிக்குள் ஒருபோதும் போகாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் தட்டாதீர்கள். அரிதாக ஏதேனும் கிடைத்தால் ஈப்போவில் நிலவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசிரியருடன் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இந்த மேசைமேல் இன்னும் திறக்காத ஒரு களிப்பாறைத் துண்டை வைத்திருக்கிறேன். எண் 14; கிடைத்த இடமும் நாளும் பக்கத்துச் சீட்டில் உள்ளன. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் என்று தலைமையாசிரியர் சொன்னார். அம்மா, தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள். கத்தி இதோ.