டிராலியில் வந்த பையன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனின் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீரர் அடே அடெபிட்டனின் பெருமைக்குக் காரணம் களத்துச் சாதனையா, சமூகத் தொண்டா? நான் களத்தின் பக்கம். (அவர் பெயரே அடே, மரியாதை இல்லாமல் கூப்பிடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.)

எதிரணி அம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது. "2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஒரு வெண்கலம், அதுவும் உட்கார்ந்தபடி ஆடியது, அதற்கா இத்தனை பேச்சு?" என்றார், கைதட்டலும் வாங்கினார். அம்மா, கூடை எவ்வளவு உயரம் தெரியுமா? நின்று எம்பிக் குதிக்கிறவர்களுக்கு இருக்கும் அதே 3.05 மீட்டர், ஒரு அங்குலம்கூட இறக்கித் தர மாட்டார்கள். இவர்கள் ஆதாயத்துக்காக இருக்கையைவிட்டு எழும்பினாலே ஃபவுல். பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு தடவைதான் தள்ளலாம், அதற்குமேல் போக வேண்டுமென்றால் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். இருப்பது இரண்டு கை, வண்டியையும் அதே கைதான் ஓட்ட வேண்டும், பந்தையும் அதே கைதான் ஆட வேண்டும். எதிராளியின் நாற்காலி வந்து மோதுகிற வேகத்தில் ஆள் வண்டியோடு கவிழ்வார், இடுப்பில் பட்டை கட்டியிருக்கும், உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, நாற்காலியோடு சேர்ந்து நிமிர்ந்து மறுபடி ஓடுவார். இதையா அம்மா உட்கார்ந்து ஆடியது என்கிறீர்கள்?

சரி, டிராலிக்கு வருகிறேன். அடே, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த குழந்தை, 15 மாதத்தில் போலியோ. மூன்று வயதில் கிழக்கு லண்டன். காலில் இரும்புக் காலிபர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கிற சட்டம், நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். அதனால் கூட்டாளிப் பையன்கள் என்ன செய்தார்கள்? சூப்பர் மார்க்கெட் டிராலி ஒன்றைப் பிடித்து, இவனை அதில் உட்கார வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளினார்கள்! நினைத்துப் பாருங்கள், காய்கறி வைக்கிற டிராலியில் ஒரு பையன், பின்னால் நாலு பேர் கத்திக்கொண்டே ஓடுகிறார்கள். அதைப் பார்த்த பிசியோதெரபிஸ்டுகள் இரண்டு பேர், தம்பி, சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆட வருகிறாயா என்று கேட்டார்கள். உடனே துள்ளினான் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. மாட்டவே மாட்டேன் என்றான். நாற்காலியில் உட்கார்ந்தால் தோற்றுவிட்டதாக அர்த்தம் என்பது அவன் எண்ணம். டிராலியில் உட்காருவான், நாற்காலியில் உட்கார மாட்டான்!

அந்த மனசை மாற்றியது யாருடைய அறிவுரையும் இல்லை நடுவர் அவர்களே, ஆட்டம். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் என்ற ஊரில் பிரிட்டன் சக்கர நாற்காலி அணி ஆடியதைக் கண்ணால் பார்த்தான். பெரிய பெரிய ஆட்கள், முரட்டுத் தோள், நாற்காலியில் பறக்கிறார்கள். அப்புறம்தான் டிராலியை விட்டு இறங்கினான். அன்று அந்த வீரர்கள் அவனுக்காகத் தொண்டு எதுவும் செய்யவில்லை, அவர்கள் பாட்டுக்கு ஆடினார்கள், அவ்வளவுதான்.

2005இல் மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுக்கான சேவைக்காக எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருது, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் தொலைக்காட்சித் தொகுப்பாளர், போலியோ ஒழிப்புக்குக் குரல். எதையும் நான் மறுக்கவில்லை. அவர் தொலைக்காட்சியில் வந்தபோது டிராலியில் உட்கார்ந்திருந்த எத்தனை பிள்ளைகள் பார்த்திருக்கும்!

இன்னும் ஒன்றே ஒன்று, மணி அடித்துவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆப்பிரிக்கப் பகுதியில் வைல்டு போலியோ, அதாவது இயற்கையாகப் பரவுகிற போலியோ, இல்லை என்று அறிவித்தது. நைஜீரியாவும் அதில் சேர்த்தி. அதே லாகோஸில் இன்று 15 மாதக் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்து எழுந்து, கையை விட்டுவிட்டு, தத்தக்கா பித்தக்கா என்று இரண்டு எட்டு வைத்து அம்மா மடியில் போய் விழும். வணக்கம்.