வெள்ளம் வேணோ?

நேயர்களுக்கு வணக்கம். வெளியூர், வெளிநாடு என்று போகிற இடத்தில் சிரிப்பைத் தொலைக்காமல் இருப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இருபது வருஷமாகச் சென்னையிலிருந்து ஆட்களைக் குழுவாக ஊர் சுற்றக் கூட்டிப்போகிற வேலை எனக்கு. பாஸ்போர்ட் காணாமல்போன கதை, பெட்டி வேறு ஊருக்குப் போன கதை எல்லாம் நிறையவே உண்டு, ஆனால் இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஞாபகம் வந்தது சாலக்குடிதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் என் சித்தி வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. கல்யாண ஆல்பம், சித்தப்பாவின் புத்தகங்கள், தையல் மெஷின் எல்லாம் சேறு. அதற்கப்புறம் சித்தி சரியாகப் பேசவே இல்லை, ராத்திரி தூறல் சத்தம் கேட்டால்கூட எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வருவார். நாலு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அவரைக் கேரளாவுக்கு, சாலக்குடிக்கு அழைத்துப் போனோம். நாங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் அந்த வீட்டு அம்மா சித்தியைப் பார்த்து, "சேச்சி, வெள்ளம் வேணோ?" என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சித்திக்கு அது தெரியாது. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா, பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த, இளஞ்சிவப்பாக ஆவி பறக்கிற வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டார். சித்தி அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோதான் வெள்ளம்னா கொடும்மா, குடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், நாலு மாதத்தில் நாங்கள் பார்க்காத சிரிப்பு அது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா பதறிப்போய்ச் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது இந்த மாதிரிச் சிரிப்பைத்தான். சிலர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர்க்காரர் பேசுகிறதை, சாப்பிடுகிறதைத் தமிழில் நக்கலடித்துவிட்டு, "அவங்களுக்கு எங்க புரியப்போகுது" என்பார்கள். நன்றாகவே புரியும். மொழி தெரியாவிட்டால் என்ன, இளக்காரமாகச் சிரிக்கிறோம் என்பது எந்த ஊர்க்காரருக்கும் தெரிந்துவிடும். என் குழுவில் இதை நான் விடுவதில்லை, அதற்காக ஒருவர் மூன்று நாள் என்னோடு பேசாமலே கூட வந்தார், பரவாயில்லை.

இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா என்று ஒரு ஊர், பிரம்பானன் கோயிலுக்கு அங்கிருந்துதான் போவோம். காலையில் ஒரு சின்னக் கடை. பலகையில் 'கெடாய்' என்று இருந்ததைப் படித்துக் காட்டி, இது நம்ம 'கடை'தான், கப்பல்கூட இவர்களுக்குக் 'காப்பால்', நம்ம குளம்தான் 'கோலாம்' என்று சொன்னதும் மேற்கு மாம்பலத்து மாமி ஒருவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கடைப்பெண் வந்து, "கோப்பி சூசூ?" என்று கேட்டாள். மாமி எழுந்தே நின்றுவிட்டார்.

அவர்கள் பாஷையில் சூசூ என்றால் பால். நம் வீட்டுக் குழந்தைகள் எதற்கு அந்த வார்த்தையைச் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். மாமிக்கு விளக்கியாகிவிட்டது, ஆனால் பாவம் அந்தப் பெண், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று கலங்கி நிற்கிறாள். அவளுக்கும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் காட்டி, டிரவுசரைக் காட்டி, வாசல் மரத்தடியைக் காட்டி ஒருவழியாகப் புரியவைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, அம்மாவை இழுத்துவந்து, அதே சைகையை ஒன்றுவிடாமல் செய்து காட்டினாள். மறுநாள் தெருவில் எங்களைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே "சூசூ?" என்று கத்தினாள், மாமி இரண்டு விரலைக் காட்டினார்.

எல்லா ஊரிலும் சிரிப்புக்கு ஒரே அர்த்தம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பாங்காக்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பரிமாறுகிற பையன் எங்கள் குழுவில் இருந்த ஒருவர் சட்டையில் சூப்பைக் கொட்டிவிட்டான். கொட்டிவிட்டுச் சிரித்தான். "பண்றதையும் பண்ணிட்டு சிரிக்கிறான் பாரு" என்று இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தாய்லாந்தில் கூச்சத்தில், என்ன செய்வதென்று தெரியாத சங்கடத்தில் வருகிற சிரிப்பு ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் அங்கே கத்தினவருக்குத்தான் கேவலம். காதோரம் இதைச் சொன்னேன். அவர் மூச்சை இழுத்துவிட்டு லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான், அந்தப் பையன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துண்டும் தண்ணீருமாக வந்து அவனே துடைத்துவிட்டான்.

விமான நிலையச் சோதனையில் விளையாட்டுப் பேச்சே வேண்டாம். தாய்லாந்தில் அரச குடும்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். அப்புறம், பசியும் தூக்கமும் கெட்டவருக்குச் சிரிப்பு வராது என்பது என் அனுபவம். ராத்திரி விமானத்தில் வந்து இறங்கினவர்களை நேராகக் கோயில் பார்க்க நான் ஏற்றிக்கொண்டு போகமாட்டேன். முதலில் சாப்பாடு, பிறகு ஒரு தூக்கம். சைவக்காரர்கள் பாங்காக்கில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடையைத் தேடிப் போகலாம், மீன் சாஸ் பயம் இருக்காது.

சித்தி கதைக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் கேரளாவில் மழை கொட்டியபோது சாலக்குடி ஊருக்குள்ளும் ஆறு புகுந்துவிட்டது. சித்தி இரண்டு நாள் போன் போட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவது நாள் அந்த அம்மா எடுத்தார். "சேச்சி, நிங்ஙளுடெ வெள்ளம் இங்ஙோட்டு வந்நு" என்றார், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரயில் ஓட ஆரம்பித்ததும் சித்தி பிளீச்சிங் பவுடர், துடைப்பம், நாலு புடவை எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சேறு அள்ளி அவருக்குத்தான் பழக்கமாயிற்றே.