காலி மனையும் கோயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானுக்குப் போனால் எதைப் பார்க்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இசே. மியே மாநிலத்தில் கடலை ஒட்டிய ஊர் அது. நகோயாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஜப்பானியரின் பழைய சமயமான ஷிந்தோவில் அந்த ஊரில் இருக்கும் கோயிலைவிட உயர்ந்த இடம் வேறு கிடையாது. அதன் முறையான பெயரே வெறும் 'ஜிங்கூ'தான். கோயில் என்று அதற்குப் பொருள். எந்த ஊர்க் கோயில் என்று யாரும் கேட்பதில்லை. கோயில் என்றாலே இசேதான்.

ஒரே கோயில் என்று எண்ணிப் போனால் அங்கே பெரிதும் சிறிதுமாக 125 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் தலையானவை இரண்டு. உள்கோயிலான நைகூவில் இருப்பவள் சூரிய தெய்வம் அமதெராசு. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெளிக்கோயில் கெகூ. அங்கே இருப்பது தொயோவுகே, அமதெராசுவுக்கு உணவு தரும் தெய்வம். தனியாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை, துணைக்குத் தொயோவுகேயை அழைத்து வா என்று அமதெராசு ஒரு பேரரசரின் கனவில் வந்து கேட்டாளாம். அப்படித்தான் கெகூ உண்டானது என்கிறது கோயில் வரலாறு. கெகூவை முதலில் கும்பிட்டுவிட்டு நைகூவுக்குப் போவது வழக்கம். நானும் அப்படியே செய்தேன்.

கெகூவில் காலையிலும் மாலையிலுமாகத் தினம் இரண்டு வேளை படையல் நடக்கிறது. சோறு, உப்பு, தண்ணீர், மீன், கடற்பாசி, காய், பழம், அரிசி மது எல்லாம் அதில் உண்டு. அடுப்புத் தீயை மரத்தோடு மரத்தைக் கடைந்து உண்டாக்குகிறார்கள், தீக்குச்சி தொடுவதில்லை. தண்ணீர் அதற்கென்றே உள்ள கிணற்றிலிருந்து வருகிறது. உப்பைக்கூடப் பக்கத்துக் கடற்கரையில் கோயிலே காய்ச்சிக்கொள்கிறது. புயலோ போரோ, இந்தப் படையல் 1,500 ஆண்டுகளாக ஒருவேளையும் தவறியதில்லை என்று கோயிலார் சொல்கிறார்கள்.

நான் அங்கே வெகுநேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. கெகூவின் தலைமைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில், ஒரு காலி மனை. தரை முழுக்கக் கூழாங்கல் பரப்பியிருக்கிறது. நடுவில் சின்னதாக ஒரு மரக் குடில், கோழிக்கூடு அளவுக்குத்தான் தெரிகிறது. வேறு ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் வேலிக்கு மேலே கோயிலின் புல்கூரை எட்டிப்பார்க்கிறது. 2013இல் கட்டியது, இப்போது மரமெல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது, கூரையில் பாசி பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் வெயிலில் வெறும் கல்.

இசேயில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். பழையது இருக்கும்போதே பக்கத்து மனையில் அதே அளவில், அதே முறையில் இன்னொன்று எழும்புகிறது. பிறகு ஓர் அக்டோபர் இரவில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, வெள்ளைப் பட்டுத் திரை மறைவில் தெய்வத்தைப் புதுக் கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். அதற்குமுன் பூசாரி ஒருவர் சேவல் கூவுவதுபோல மூன்று முறை குரல் கொடுப்பார். பழைய கோயிலைப் பிரித்த பிறகு அந்த மனை அடுத்த இருபது ஆண்டு காலியாகக் கிடக்கும். 690இல், ஜித்தோ பேரரசியின் காலத்தில் இது முதல்முறை நடந்தது. 2013இல் நடந்தது 62ஆவது முறை. அடுத்தது 2033இல். அதற்கான முதல் சடங்குகள் 2025லேயே தொடங்கிவிட்டன.

ஏன் இருபது ஆண்டு? கோயிலின் தூண்களுக்கு அடிக்கல் கிடையாது. மண்ணில் குழி தோண்டி நேராக நட்டுவிடுகிறார்கள். கூரை புல்லால் வேய்ந்தது. மரத்துக்கு வர்ணமும் பூசுவதில்லை. ஜப்பானிய மழைக்கு இவை எத்தனை நாள் தாங்கும்? இது ஒரு காரணம். என் மனதுக்கு ஒப்புகிற காரணம் வேறு. இருபது வயதில் எடுபிடியாக வந்த பையன் நாற்பதில் உளி பிடிக்கிற தச்சனாக இருப்பான், அறுபதில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இடைவெளி நூறு ஆண்டாக இருந்தால் இந்தக் கை அந்தக் கையைப் பார்க்கவே முடியாது. இசேயில் காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் கைப்பழக்கத்தைத்தான் என்று அந்தக் காலி மனைக்கு எதிரே நின்றபோது எனக்குப் பட்டது.

தச்சர்களோடு இது முடிவதில்லை. கோயிலோடு சேர்த்துத் தெய்வத்துக்கான ஆடை, வாள், தறி, பாத்திரம் என்று 714 வகையில் 1,576 பொருள்களையும் புதிதாகச் செய்கிறார்கள். நெசவாளர், கொல்லர், அரக்குப் பூசுகிறவர் என்று நாடெங்கும் உள்ள கைவினைஞர்களுக்கு வேலை. அதில் ஒரு வாளின் கைப்பிடிக்குத் தோகி என்ற பறவையின் இறகு வேண்டும். தலையில் கொண்டை வைத்த அரிவாள்மூக்கன் இனம் அது. அழகான இளஞ்சிவப்பு இறகு. ஜப்பானின் பூர்வீக இனத்தில் கடைசித் தோகி 2003இல் செத்துப்போயிற்று. சீனாவிலிருந்து வந்த பறவைகளை வைத்து இனத்தைப் பெருக்கி இப்போது சாதோ தீவில் மறுபடி பறக்கவிட்டிருக்கிறார்கள். ஒரு வாள் முழுமையாக வேண்டுமென்றால் ஒரு பறவை உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

மரத்துக்கும் இதே கதைதான். ஒருமுறை கட்டுவதற்குப் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரங்கள் பத்தாயிரத்துக்கு மேல் தேவை. இசேயைச் சுற்றியிருந்த காட்டில் பெரிய மரங்கள் தீர்ந்துபோனதால் வெகுகாலமாகக் கிசோ மலையிலிருந்து கொண்டுவருகிறார்கள். 1920களில் கோயில் தன் காட்டிலேயே ஹினோகி வளர்க்கத் தொடங்கியது. இருநூறு ஆண்டுத் திட்டம் அது. நட்டவர்களில் ஒருவர்கூட அந்த மரம் தூணாக நிற்பதைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே நட்டார்கள்.

இந்த வரிசை ஒருமுறை அறுந்தும் போயிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு கோயிலுக்குப் பணம் வருவது நின்றது. 1462க்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் நைகூவைப் புதுப்பிக்க ஆளில்லை. கெகூவின் நிலையும் அதுதான். அப்போது முன்வந்தவர் ஒரு பௌத்தத் துறவி, செய்ஜுன் என்ற பெண்மணி. ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டி 1563இல் கெகூவைக் கட்டவைத்தார். அவருக்குப் பின் வந்த ஷூயோ என்ற துறவியின் முயற்சியில் 1585இல் இரண்டு கோயில்களும் புதிதாக எழும்பின. இன்னொரு சமயத்தின் கோயிலுக்காகக் கையேந்தி நடந்த இந்தப் பெண்களை நான் வணங்குகிறேன்.

சரி, நைகூவுக்கு வருவோம். இசுசு ஆற்றின்மேல் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாலம், உஜி பாலம். அதன் இரு முனையிலும் தோரி என்கிற வாசல். அந்தத் தோரியின் தூணைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அது பழைய கோயிலின் முகட்டைத் தாங்கிய தூண். ஊர்ப்பக்கத் தோரிக்குக் கெகூவின் தூண், உள்பக்கத் தோரிக்கு நைகூவின் தூண். கோயிலில் இருபது ஆண்டு நின்றபின் மேலே செதுக்கி எடுத்து இங்கே நிறுத்துகிறார்கள். இங்கே ஓர் இருபது ஆண்டு. அப்புறம் குவானாவிலும் செகியிலும் பழைய யாத்திரைப் பாதையில் தோரியாக நிற்கப் போய்விடும். மற்ற மரங்களையும் நாடெங்கும் உள்ள கோயில்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாலம் தாண்டி ஆற்றுத்துறையில் இறங்கிக் கை கழுவினேன். நவம்பர் மாதத்துத் தண்ணீர், விரல் விறைத்துப்போனது. பக்கத்தில் ஒரு பாட்டி குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார். பிறகு மடித்து வைத்த துணியை எடுத்துத் தன் கையைத் துடைக்குமுன் பேரனின் கையைத் துடைத்துவிட்டார்.

கடைசியில் கல்படி. அதற்குமேல் படம் எடுக்கக் கூடாது. படியேறினால் வேலிக்குள் வேலி, வாசலில் ஒரு வெள்ளைத் திரை. நம்மைப் போன்றவர்களுக்கு அதுவரைக்கும்தான். இரண்டு முறை தலை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்க வேண்டும். நான் கைதட்டி நிமிர்ந்தபோது காற்று வந்து திரையைச் சற்றே தூக்கியது. உள்ளே கூழாங்கல்லும், அதற்கப்பால் இன்னொரு வாசலும் தெரிந்தன. திரை இறங்கிவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.

வணக்கம்.