தொகுதியும் பகுதியும்: ஈ.டி.எஃப் பங்கிலாபத்தை வாசிக்கும் முறை

(கொழும்பில் தமிழ் முதலீட்டாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த சபையோரே,

நிலையான வைப்புப் போடப் போனால் முதலில் வட்டி எவ்வளவு என்று கேட்போம். ஈ.டி.எஃப் என்பது பல கம்பனிகளின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும், பங்குச் சந்தையில் அலகு அலகாக வாங்கி விற்கக்கூடிய நிதியம். அதே பழக்கத்தோடு அதன் பக்கம் போகிறவர், விலையில் எத்தனை சதவீதம் பங்கிலாபமாக வருகிறது என்று காட்டும் விளைவு வீதத்தையும் வட்டி மாதிரியே எடுத்துக்கொள்கிறார். வைப்பு வட்டி வங்கி எழுத்தில் தரும் வாக்கு. விளைவு வீதத்துக்கு அப்படி வாக்குக் கொடுத்தவர் எவரும் இல்லை. தன்னிடமுள்ள பங்குகள் கொடுத்த பங்கிலாபத்தைத் திரட்டி, செலவைக் கழித்து, மிச்சத்தை நிதியம் பிரித்துக் கொடுக்கிறது. கம்பனிகள் குறைத்தால் நிதியமும் குறைக்கும்.

விளைவு வீதம் என்பது சாதாரண தரத்தில் படித்த பின்னம்தான். தொகுதியில் கடந்த 12 மாதப் பங்கிலாபம், பகுதியில் இன்றைய விலை. 100 டொலர் அலகு 3 டொலர் கொடுத்திருந்தால் 3%. விலை 60க்கு விழுந்தால் அதே 3 டொலர் 5% ஆகிவிடும். நிதியம் ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கவில்லை, ஆனாலும் திரையில் எண் இனிக்கும்.

1993 முதல் இயங்கும் அமெரிக்க ஈ.டி.எஃப் ஆன எஸ்.பி.வை (SPY) நிதியத்தைப் பாருங்கள். 2008 இல் அலகுக்குச் சுமார் 2.72 டொலர் கொடுத்தது. 2009 மார்ச்சில் விலை 68 டொலர் அளவுக்கு இறங்கியது. வகுத்தால் 4%. அந்த ஆண்டு அது உண்மையில் கொடுத்தது சுமார் 2.18 டொலர்தான், அதாவது 3.2%. வங்கிகள் உட்படப் பல கம்பனிகள் பங்கிலாபத்தை வெட்டியிருந்தன. 2008 இன் தொகையைத் தாண்ட 2012 வரை ஆனது. விலை பின்னர் ஏறியது வேறு கதை. பங்கிலாபத்தை நம்பி மாதச் செலவை வகுத்தவருக்கு அந்த ஏற்றம் அரிசி வாங்கித் தந்திராது.

ஆகவே பங்கிலாப வரலாற்றை எடுத்து ஆண்டுவாரியாகக் கூட்டிப் பாருங்கள், குறைந்தது 10 ஆண்டுக்கு. ஒரு காலாண்டை அதற்கு முந்திய காலாண்டோடு ஒப்பிட வேண்டாம். கம்பனிகள் ஆண்டு முழுக்க ஒரே அளவாகக் கொடுப்பதில்லை. மார்ச்சை மார்ச்சோடு வையுங்கள். சில தளங்கள் கடைசிக் கொடுப்பனவை நான்கால் பெருக்கிவிடும். டிசம்பர்த் தொகை பெரிதாக இருந்தால் அந்த வீதம் வீங்கித்தான் தெரியும்.

வரலாற்றில் திடீர்ச் சரிவு கண்டால் பதறாமல் முதலில் பங்குப் பிரிப்பு நடந்ததா என்று பாருங்கள். எஸ்.சி.எச்.டி (SCHD) என்ற அமெரிக்க நிதியம் 2024 செப்டெம்பரில் 0.7545 டொலர் கொடுத்தது, டிசம்பரில் 0.2645. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதா? இல்லை. ஒக்டோபரில் ஓர் அலகு மூன்றாகப் பிரிந்தது. 0.7545 ஐ மூன்றால் வகுத்தால் 0.2515. அப்படியானால் டிசம்பர்க் கொடுப்பனவு கூடியே இருக்கிறது.

எக்ஸ் டேட் என்பது, அன்றோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த முறைப் பங்கிலாபம் கிடைக்காத நாள். அதற்கு முதல் நாள் வாங்கி, பங்கிலாபத்தைப் பிடித்துக்கொண்டு விற்றுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதில் இறங்காதீர்கள். எக்ஸ் டேட் அன்று, மற்றக் காரணங்கள் இல்லாவிட்டால், விலை ஏறக்குறைய அந்தத் தொகையால் குறைந்தே திறக்கும். கையில் வந்ததற்கு வரியும் போகும், தரகுக் கட்டணமும் போகும்.

ரூபாவில் கணக்குப் பார்ப்பவருக்கு இன்னொரு பொறி உண்டு. 2022 இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஒரே 1 டொலர் பங்கிலாபம் ரூபாவில் 80% வளர்ந்ததாகத் தெரியும். வளர்ச்சியை எப்போதும் நிதியத்தின் நாணயத்திலேயே அளந்துவிட்டு, அதன் பிறகு ரூபாவுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக வரி. அமெரிக்க ஈ.டி.எஃப் பங்கிலாபத்தில் வெளிநாட்டவருக்குப் பொதுவாக 30% பிடிப்பார்கள். இலங்கையோடு உள்ள இரட்டை வரி உடன்படிக்கையின்படி அது 15%. திரையில் 3% என்றால், 30% பிடித்தால் கைக்கு 2.1%, 15% பிடித்தால் 2.55%. அந்தச் சலுகை கிடைக்க டபிள்யூ-8 பென் படிவத்தில் நாட்டையும் உடன்படிக்கை விபரத்தையும் நிரப்பித் தரகரிடம் கொடுக்க வேண்டும். 2025 இல் கையொப்பமிட்டால் பொதுவாக 2028 டிசம்பர் 31 வரை செல்லும். அந்தத் திகதியை இன்றைக்கே நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். காலாவதியானால் அடுத்த கொடுப்பனவிலேயே 30% கழிந்து வரலாம்.