ஆவி அடமானப் பத்திரம் எழுதுமா?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழி பேசி முடித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எமிலி ப்ராண்டேயின் 1847-ஆம் ஆண்டு நாவலான 'வுதரிங் ஹைட்ஸ்' கதையை நடத்திச் செல்வது காதலா, பழியா என்பது தலைப்பு. அவர் காதல் அணி, நான் பழி அணி. நாயகி கேத்தரின் தன் காதலனைப் பற்றி "நான்தான் ஹீத்கிளிஃப்" என்று சொல்லும் இடத்தை அவர் உருகி உருகிச் சொன்னார். நல்ல இடம்தான். ஆனால் அதை ஹீத்கிளிஃப் கேட்கவே இல்லையே! "அவனைக் கட்டிக்கொண்டால் எனக்குத்தான் இழிவு" என்பதுவரை கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். காதல் வசனம் பணிப்பெண் நெல்லியின் காதுக்குப் போனது. அவனுக்குக் கிடைத்தது அவமானம் மட்டும்.

நாவலில் 34 அத்தியாயங்கள். கேத்தரின் 16-ஆம் அத்தியாயத்தில் இறந்துவிடுகிறாள். மீதி 18 அத்தியாயங்களை ஓட்டுவது யார்? அவளுடைய ஆவி என்பார்கள் எதிரணியினர். ஆவி ஜன்னலைத் தட்டும், சரி. அடமானப் பத்திரம் எழுதுமா?

காதல் தோற்றதால்தானே பழி வந்தது என்றும் கேட்டார்கள். இல்லை ஐயா. லிவர்பூல் தெருவிலிருந்து தூக்கி வரப்பட்ட அநாதைப் பையன் அவன். அவனைத் தூக்கி வந்த கேத்தரினின் அப்பா, பெரியவர் எர்ன்ஷா கண்ணை மூடியதும் மகன் ஹிண்ட்லி அவன் படிப்பை நிறுத்திப் பண்ணை வேலைக்குத் தள்ளுகிறான். ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அடி வாங்கி, அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து அடுப்படியில் உட்கார்ந்து நெல்லியிடம் சொல்கிறான்: ஹிண்ட்லிக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றுதான் யோசிக்கிறேன், எத்தனை காலம் ஆனாலும் காத்திருப்பேன். தண்டிப்பது கடவுள் வேலை என்கிறாள் அவள். எனக்குக் கிடைக்கும் திருப்தி கடவுளுக்குக் கிடைக்காதே என்கிறான் பையன்! பணக்கார வீட்டுப் பிள்ளை எட்கர் லிண்டனைக் கேத்தரின் மணப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே போட்ட கணக்கு இது.

கேத்தரின் பேச்சைக் கேட்டு ஓடிப்போனவன் மூன்று வருடம் கழித்துப் பணத்தோடு வருகிறான். வந்து கத்தியா எடுத்தான்? சீட்டுக்கட்டை எடுத்தான். குடியில் மூழ்கிய ஹிண்ட்லி தோற்கத் தோற்க நிலம் அடமானமாக இவன் கைக்கு வருகிறது. எட்கரின் தங்கை இசபெல்லா தன்மேல் ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவன் கேட்கும் கேள்வி, "அண்ணன் சொத்துக்கு அவள்தானே வாரிசு?" இதுதான் அமர காதலன் பேசுகிற பேச்சா? பிறகு, அந்த இசபெல்லாவை மணந்து பெற்ற, சாகக் கிடக்கும் தன் மகனுக்குக் கேத்தரினின் மகளையே அடைத்துவைத்துக் கட்டிவைக்கிறான். மனைவியின் அசையும் சொத்தெல்லாம் கணவனுக்கே என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். அந்தச் சட்டத்தை ஹீத்கிளிஃப் நன்றாகவே படித்திருக்கிறான்.

கடைசியில் பழியை விட்டுவிட்டானே என்பது எதிரணியின் வலுவான வாதம். மறுக்கவில்லை. எர்ன்ஷா, லிண்டன் இரண்டு வீடுகளையும் இடிக்கக் கடப்பாரை தயார், தடுக்க ஆளில்லை, கையைத் தூக்கத்தான் மனமில்லை என்று அவனே சொல்கிறான். ஆனால் சாப்பிட்டவன் இலையை மூடினால் அவனுக்குப் பசியே இருந்ததில்லை என்றா அர்த்தம்? பழி விலகியதும் நான்கு நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடந்து சாகிறான். அந்த நான்கு நாளையும் காதல் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தந்துவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், இன்னும் ஒன்றே ஒன்று. ஹிண்ட்லியை அடக்கம் செய்த அன்று அவன் குழந்தை ஹேர்ட்டனைத் தூக்கி மேசைமேல் நிறுத்தி ஹீத்கிளிஃப் சொல்கிறான்: இனி நீ என்னுடையவன், அதே காற்று அடித்தால் இந்த மரமும் கோணலாக வளராதா பார்ப்போம். சொன்னபடியே எழுத்து வாசனை இல்லாமல் வளர்க்கிறான். எர்ன்ஷா வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் 1500 என்ற வருடமும் ஹேர்ட்டன் எர்ன்ஷா என்ற பெயரும் செதுக்கியிருக்கும். பாட்டன் பூட்டன் காலத்துப் பெயர், இவன் பெயரும் அதுதான். தினமும் அதன் கீழேயே போய் வருகிற பையனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இது எந்தக் காதல் செய்த வேலை என்று எதிரணியைக் கேட்டுச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே.